மூன்று விநாடி

ஹியுமா தீவு, கார்ட்லா, இரவு இரண்டு மணி.
கடல் உறையும் ஓசை வீட்டுக்குள் வராது.
வருவது எண்பது மீட்டர் அலைவரிசையின் இரைச்சல்.
திரையில் அது நீல அருவியாக இறங்குகிறது,
அருவிக்குள் மஞ்சள் கோடுகள்.
ஒவ்வொரு கோடும் எங்கோ விழித்திருக்கும் ஓர் ஆள்.

மணவிலக்கில் அவனுக்குக் கணினி, எனக்கு ரேடியோ.
ஒன்றில்லாமல் மற்றதை வைத்து என்ன செய்வீர்கள்
என்று வக்கீலம்மா சிரித்தாள்.
அவன் மறுமாதமே ரேடியோ வாங்கிவிட்டான்.
நான் உள்ளங்கை அகல லினக்ஸ் பலகை ஒன்றைக்
கிலு மீன் டப்பாவுக்குள் வைத்துத் திருகினேன்.

நிரல் ஒன்றுதான்.
இரண்டு வீட்டிலும் அதே சாம்பல் ஜன்னல், அதே பொத்தான்கள்.
ஆனால் அவனுடைய விண்டோஸ்
கம்பியைச் செருகியதுமே காம் நான்கு என்று பெயரிட்டு
உட்காரவைத்துவிடும்.
என்னுடையது, நீ யார் என்றது.
என் மேசையில் என் ரேடியோவைத் தொட
எனக்கு அனுமதி இல்லையாம்.
ஏதோ ஒரு குழுவில் என் பெயரை நானே சேர்த்து,
வெளியேறி, திரும்ப உள்ளே வந்தால்
ஒலி அட்டை ஊமை.
மகள் த்ரீன் தார்த்துவிலிருந்து மேக் வைத்திருக்கிறாள்:
"என்னிடம் மைக்குக்கு ஒருமுறை சம்மதம் கேட்டது, அம்மா.
அவ்வளவுதான்."
எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது.

பதினைந்து விநாடி பேச்சு, பதினைந்து விநாடி செவி.
பேச்சென்றால், அழைப்புக்குறி, இருக்கும் கட்டம்,
உன்னை எவ்வளவு மெலிதாகக் கேட்கிறேன் என்றொரு எண்.
கழித்தல் பத்தொன்பது.
இவ்வளவு நேர்மையாக
வீட்டில் யாரும் என்னிடம் பேசியதில்லை.

இன்று அருவியின் நடுவில் ஒரு தடித்த கோடு,
பக்கத்துக் கோடுகளை நசுக்கிக்கொண்டு.
முப்பது கிலோமீட்டர் தெற்கே எம்மாஸ்தே. வேறு யார்?
ஆனால் எழுத்தாக மாறவில்லை.
எல்லாக் கோடுகளும் ஒன்றாகக் கிளம்பும்போது
அது மட்டும் மூன்று விநாடி கழித்துக் கிளம்புகிறது.
வம்போலா,
படகைத் தவறவிட்டுக் கல்யாணத்துக்கே பிந்தி வந்தவன்.

ஒரு மணி நேரமாகக் கூப்பிடுகிறான்.
பாதி உலகத்தின் திரையில் கோடாக விழுகிறான்,
ஒருவராலும் படிக்க முடியவில்லை.
அவன் திரையிலும் ஒரு பெயர் விழுந்திருக்காது.
ஆன்டெனாவைச் சந்தேகிப்பான்,
பிறகு பனியை, பிறகு சூரியப் புள்ளிகளை.
கடிகாரத்தை மட்டும் மாட்டான்.

தொலைபேசியில் அந்த எண்ணை நான் அழுத்தி நாலு வருடம்.
இங்கிருந்து சொல்லலாம் என்றால்
அவன் கடிகாரத்துக்கு நான் மூன்று விநாடி முந்தியவள்,
எட்டாது.

ஆகவே நேர ஒத்திசைவை நிறுத்தினேன்.
கறுப்புத் திரையில் ஒரே வரி, கடவுச்சொல்.
என் கடிகாரத்தை அவன் பிழைக்குத் தள்ளினேன்.

ஹொக்கைடோ அவிந்தது.
நோவா ஸ்கோஷியா, ட்யூனிஸ், தினமும் வரும் அந்த மால்டாக்காரர்,
எல்லோரும் வெறும் கோடுகளானார்கள்.
மீதி ஒருவன்,
கூட்டல் இருபது என்ற சத்தத்தில்:
எல்லோரையும் அழைக்கிறேன்,
எல்லோரையும் அழைக்கிறேன்.

இஷ்டப்பட்டதை எழுத
இந்த முறையில் பதின்மூன்று எழுத்துக்குத்தான் இடம்.
இடைவெளியும் கணக்கில் சேரும்.
சொல்ல என்னென்னவோ இருந்தது, பதினான்காவது எழுத்திலிருந்து.
கடிகாரம் பின்னால் என்பதை
எங்கள் மொழியில் நறுக்கி இரண்டு தடவை அனுப்பினேன்.

கோடு நின்றது.
ஒரு சுற்று காலி. அடுத்ததும்.
கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்தபோது
அது மறுபடி கிளம்பியிருந்தது,
சரியான நேரத்தில், உலகத்தோடு வரிசையாக,
என்னால் படிக்க முடியாத கோடாக.

என்ன சொன்னான் என்று தெரியாது.
நன்றியாக இருக்கலாம். ஜப்பானாகவும் இருக்கலாம்.
அவன் விட்டுப்போன நேரத்துக்குள்
நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்,
தேவைக்கு மேல் ஒரு சுற்று.

பிறகு ஒத்திசைவை இயக்கினேன்.
பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.
ஐந்தாவது வரியில் அவன்,
நோவா ஸ்கோஷியாவில் யாருக்கோ
எண் கொடுத்துக்கொண்டு.